5 பேர், அதில் ஒரு பம்பர்ஸ் பிள்ளை: சிங்கப்பூரில் எந்தக் கப்பலில் ஏறுவது?

வெள்ளவத்தை_மழை

டிசம்பர் பாடசாலை விடுமுறைக்கு 3 அல்லது 4 இரவுக் கப்பல் பயணம் ஒன்று பார்க்கிறோம். கொழும்பிலேயே ஏறலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். இங்கே வருகிற பெரிய கப்பல்கள் அநேகமாக ஆட்களை இறக்கி, ஊர் காட்டி, அதே ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறவை என்று பிறகுதான் விளங்கியது. ஆகவே சிங்கப்பூர்.

போகிறவர்கள்: நானும் கணவரும், மகள் (அப்போது 5 வயது), மகன் (20 மாதம், பம்பர்ஸ் விடவில்லை), அம்மா (66, வெள்ளிக்கிழமை மரக்கறி). எல்லோருக்கும் இலங்கைப் பாஸ்போர்ட்.

கண்ணில் பட்டவை கெண்டிங் ட்ரீம், ரோயல் கரீபியன், புதிதாக வந்த டிஸ்னி அட்வென்ச்சர். ஏஜென்சியில் கேட்டால் சறுக்கு, ரோலர் கோஸ்டர் படங்களைத்தான் காட்டுகிறார்கள். சின்னவனோடு போகிறவர்கள் உண்மையில் எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்? 5 பேருக்கு ஒரு கபின் காணுமா? விசா, பால் விஷயமும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

துறைமுகத்தான்

உங்கள் கூட்டத்தில் கப்பலைத் தீர்மானிக்கிற ஆள் அந்த 20 மாதக்காரன். மற்ற நாலு பேரும் எந்தக் கப்பலிலும் சமாளித்துவிடுவார்கள்.

ஏறுவதற்கு வயதுப் பிரச்சினை இல்லை. பெரும்பாலான நிறுவனங்களில் ஏறுகிற நாளில் 6 மாதம் நிரம்பியிருந்தால் காணும். தொடர்ந்து 3 நாளோ அதற்கு மேலோ கரை தொடாத நீண்ட பயணங்களுக்குத்தான் 12 மாதம் கேட்பார்கள். சிக்கல் கப்பலுக்குள்ளே போன பிறகு தொடங்கும், இரண்டு இடத்தில்.

முதலாவது நீச்சல் குளம். பம்பர்ஸ் விடாத பிள்ளையைக் குளத்திலும் சுடுநீர்த் தொட்டியிலும் இறக்க விடமாட்டார்கள். நீச்சல் பம்பர்ஸ் போட்டாலும் விடமாட்டார்கள். கப்பல்காரருக்கு அது கெடுபிடி இல்லை, சுகாதார விதி. பிள்ளை தண்ணீரில் மலம் கழித்தால் குளத்தை மூடிச் சுத்தம் செய்ய வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றோட்டக் கிருமி குளோரின் போட்ட தண்ணீரிலும் ஒரு கிழமைக்கு மேல் உயிரோடிருக்கும். நீச்சல் பம்பர்ஸ் கட்டியானதைத் தடுக்கும், தண்ணீராகப் போவதைத் தடுக்காது. ஆகவே ஏஜென்சியிடம் “குழந்தைகள் குளம் இருக்கிறதா” என்று கேட்காதீர்கள், எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். “நீச்சல் பம்பர்ஸோடு இறங்கக்கூடிய, தனி வடிகட்டி உள்ள தண்ணீர் விளையாட்டிடம் இந்தக் கப்பலில் இருக்கிறதா, எந்தத் தட்டில்” என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். ஒரே நிறுவனத்தின் இரண்டு கப்பல்களில்கூட இது வேறுபடும்.

இரண்டாவது பிள்ளைகள் கழகம். 3 வயது நிரம்பி, கழிப்பறைக்குத் தானாகப் போகிற பிள்ளையைத்தான் இலவசக் கழகத்தில் எடுப்பார்கள். இழுத்துப் போடுகிற பம்பர்ஸும் செல்லாது. ஆகவே மகளுக்குக் கதவு திறக்கும், மகனுக்குத் திறக்காது. 3 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு நர்சரி. அது எல்லாக் கப்பலிலும் இல்லை. இருக்கிற இடத்தில் மணித்தியாலத்துக்குக் காசு, இடமும் கொஞ்சம். ரோயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல்களில் 6 முதல் 36 மாதம் வரைக்கும் நர்சரி உண்டு. டிஸ்னி நிறுவனத்தின் நர்சரி 6 மாதம் முதல் 3 வயது வரை. முன்கூட்டியே பதியாவிட்டால், ஏறிய நாளே முதல் வேலையாக அங்கே போய் நேரம் பிடிக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டு நேரந்தான் முதலில் நிரம்பும்.

மகளைப் பற்றி ஒன்று. கழகத்தில் பேச்செல்லாம் ஆங்கிலம். வீட்டில் தமிழ் மட்டும் என்றால், ‘டொய்லெட்’, ‘தண்ணி வேணும்’, ‘அம்மாவைக் கூப்பிடுங்கள்’ இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் சொல்லப் பழக்கிவிடுங்கள். தானாகப் போகிற பிள்ளையும் கேட்கத் தெரியாமல் நனைத்துக்கொண்டால், மறுநாள் உள்ளே போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

இனிக் கப்பல்கள். டிசம்பரில் சிங்கப்பூரில் மழை கொட்டும் காலம். மேல்தட்டுச் சறுக்கை நம்பிக் கப்பல் எடுத்தால் பாதி நாள் கபினில் கிடப்பீர்கள். அந்தக் கணக்கில் குவாண்டம் வகை நல்லது: கூரை மூடுகிற குளமும், பெரிய உள்ளரங்கும் உண்டு. அதே கப்பலில் படம் போட்டு விற்கிற அலைச்சறுக்கு உங்களுக்கு உதவாது, படுத்துச் சறுக்கவே 52 அங்குல உயரம் வேண்டும். மகளுக்கு இன்னும் சில வருடம் இருக்கிறது.

கெண்டிங் ட்ரீம் 2016இல் கட்டியது, 150,000 தொன்னுக்குச் சற்று மேல். சாப்பாட்டில் நம்மவர்களுக்கு இதுதான் இலகு: ஹலால், இந்திய மரக்கறி, ஜெயின் எல்லாம் கிடைக்கும். அம்மாவின் வெள்ளிக்கிழமை பிரச்சினை இல்லாமல் கழியும். சூதாட்டக் கூடம் உண்டு. கபின் எடுக்கும்போது அதற்குப் பக்கத்துத் தட்டுகளைத் தவிருங்கள், சிகரெட் மணம் படியேறி வரும்.

டிஸ்னி அட்வென்ச்சர் 208,000 தொன் அளவு, 2026 மார்ச்சில் சிங்கப்பூரில் தொடங்கியது. டிஸ்னி கப்பல்களில் சூதாட்டக் கூடமே கிடையாது. ரோலர் கோஸ்டரை உங்கள் கணவர் ஏறிப் பார்க்கலாம். 5 வயது மகளுக்கு வேடம் போட்ட ஆட்களும் மேடைக் காட்சியும் காணும். விலை மற்ற இரண்டையும் விடக் கூட.

கொட்டாஞ்சேனை_முத்திரை

மேலே உள்ளவர் சொல்லாமல் விட்ட ஒன்றை நான் எழுதுகிறேன்: இலங்கைப் பாஸ்போர்ட்டுக்குக் கப்பலை விட வழித்தடம் முக்கியம்.

சிங்கப்பூருக்கு நமக்கு விசா தேவையில்லை. மலேசியாவுக்குத் தேவை, இணையத்தில் எடுக்கலாம், ஆளுக்கு ஒன்று, 20 மாதப் பிள்ளைக்கும் ஒன்று. பினாங்கிலோ போர்ட் கிளாங்கிலோ கப்பல் தரித்தால், “நாங்கள் இறங்க மாட்டோம்” என்ற கதை எடுபடாது. ஏறுகிற கவுண்டரிலேயே விசாவைக் கேட்பார்கள், இல்லாவிட்டால் ஏற்ற மாட்டார்கள், காசும் திரும்பாது. தாய்லாந்து 2024 ஜூலையில் விசா விலக்குப் பட்டியலைப் பெருப்பித்தபோது இலங்கையும் உள்ளே வந்தது. ஆனால் இந்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், காசு கட்டுகிற அன்று தூதரகத்தின் தளத்தைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

டிஸ்னி அட்வென்ச்சரின் 3, 4 இரவுப் பயணங்கள் எந்தத் துறைமுகத்தையும் தொடாமல் கடலிலேயே சுற்றிவிட்டுச் சிங்கப்பூருக்குத் திரும்புகிறவை. கெண்டிங் ட்ரீமிலும் கரை தொடாத 2 இரவுப் பயணம் வரும். 5 பேருக்கு மலேசிய விசா மிச்சம். பம்பர்ஸ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பினாங்கு வெயிலில் நடப்பதும் மிச்சம்.

பாஸ்போர்ட்: 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 3 வருடத்துக்குத்தான் கொடுப்பார்கள். திரும்பும் திகதியில் இருந்து 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்பதால் உண்மையில் பாவிக்கக் கிடைப்பது இரண்டரை வருடம். மகளுக்குக் கைக்குழந்தையில் எடுத்தது என்றால் இன்றே எடுத்துப் பாருங்கள். பத்தரமுல்லைப் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போகிற வேலையை நவம்பர் வரை இழுக்காதீர்கள்.

பெயர் விஷயத்தில் நம்மவர்கள் அடிக்கடி மாட்டுகிறார்கள். பிள்ளையின் கடைசிப் பெயர் தகப்பனின் பெயராக இருக்கும், தாயின் பாஸ்போர்ட்டில் அவருடைய தகப்பனின் பெயர் இருக்கும். கப்பல், விமானம் இரண்டு பதிவிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தே வரவேண்டும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் கையில் வைத்திருங்கள்.

சிங்கப்பூர் வருகை அட்டை இணையத்தில் இலவசம், வருவதற்கு 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். மலேசியா, தாய்லாந்து போய்க் கப்பலில் திரும்பினால் மறுபடியும் நிரப்ப வேண்டும். காசு கேட்கிற தளம் எல்லாம் போலி.

வெள்ளவத்தை_மழை

மகளின் பாஸ்போர்ட் பெப்ரவரியில் முடிகிறது! நல்ல காலம் கேட்டேன்.

கபின் பற்றி யாராவது? பால்கனி வேண்டாம் என்று அம்மா ஒரே பிடியாக நிற்கிறா. 5 பேரும் ஒரே இடத்தில் இருந்தால் மலிவு என்று கணவர்.

தெஹிவளை_கபின்

உங்கட கணவரின்ர கணக்கு ஹோட்டல் கணக்கு. கப்பலில அது சரிவராது அக்கா.

கப்பலில கட்டணம் தலைக்கு. முதல் இரண்டு பேருக்கு முழுக்காசு, அதே கபினில மூன்றாம் நாலாம் ஆளுக்குக் குறைவு, துறைமுக வரி எல்லாருக்கும், கைக்குழந்தைக்கும். சாதாரண கபின் அதிகமா 4 பேருக்குத்தான். “மடியில வைச்சிருப்பம்” எண்டு ஐந்தாவதா ஒரு குழந்தையைச் சேர்க்க ஏலாது, ஏனெண்டா உயிர்காப்புப் படகில குழந்தையும் ஒரு ஆள்தான். 5 பேர் கபின்கள் ஒரு கப்பலில கொஞ்சந்தான், விலையும் இரண்டு கபின் அளவுக்கு வந்து நிற்கும்.

ஆகவே இரண்டு கபின், நடுவில கதவு உள்ளதாக் கேளுங்கோ. அம்மாவும் மகளும் ஒன்றில, நீங்கள் மூன்று பேரும் மற்றதில. இரண்டு குளியலறை கிடைக்கிறதே பெரிய காரியம், காலையில விளங்கும். கதவால சேருற இரண்டு கபினும் உங்களுக்கே கிடைக்காட்டி, நடுக்கதவு உள்ள கபினையே எடுக்காதேங்கோ, முன்பின் தெரியாத பக்கத்து ஆக்களின்ர இருமல்கூட அந்தக் கதவால கேட்கும்.

பால்கனிக்கு அம்மா பயப்படுறது நியாயம்தான், எண்டாலும் கதவின்ர கொளுக்கி உயரத்தில இருக்கும், 20 மாதப் பிள்ளைக்கு எட்டாது. பயப்பட வேண்டியது அங்க கிடக்கிற கதிரைக்கு. பிள்ளை அதை இழுத்துக் கம்பிக்குப் பக்கத்தில வைச்சால் ஏறிவிடும். கதிரையளைக் கபின் ஊழியரிட்டச் சொல்லி எடுப்பிச்சுப் போடுங்கோ. நான் சொல்லுறது: உங்களுக்கு உள்கபினே காணும். ஜன்னல் இல்லை, விளக்கை நிப்பாட்டினால் கும்மிருட்டு, பகலிலயும் பிள்ளை நித்திரை கொள்ளும்.

இடம்: நடுக்கப்பல், கீழ்த்தட்டு, மேலயும் கீழயும் கபின்களே உள்ள தட்டு. குளத்துக்கு நேர்கீழ எடுத்தா விடிய கதிரை இழுக்கிற சத்தம். அரங்கத்துக்கு நேர்மேல எடுத்தா ராத்திரி பறை.

சாதாரண கபின் 15 முதல் 18 சதுர மீற்றர் வரும். கேட்டால் இலவசமா மடக்குத் தொட்டில் தருவினம், ஆனால் பதியேக்கையே கேக்கவேணும். அதை விரிச்சால் நடக்க இடமில்லை. கபின் கதவு பொதுவா 56 - 58 சென்ரிமீற்றர்தான், அகலத் தள்ளுவண்டி உள்ள வராது, வெளியில நடைபாதையில விடவும் ஏலாது. குடை மாதிரி மடிகிற வண்டி கொண்டு போங்கோ. மேல இருந்து இறங்குற கட்டிலில 5 வயதுப் பிள்ளையைப் படுக்க விடாதேங்கோ, சோபாக் கட்டில் உள்ளதாக் கேளுங்கோ.

இன்னொரு செலவு: சேவைப்பணம். ரோயல் கரீபியனில 2024 நவம்பரில இருந்து சாதாரண கபினுக்கு ஆளுக்கு நாளுக்கு 18.50 டொலர், பிள்ளைக்கும் அதே. 5 பேர் 4 இரவெண்டா 370 டொலர். விளம்பர விலையில இது இராது.

மருந்துப்பெட்டி

பால், சாப்பாடு, மருந்து.

கெற்றில், இஸ்திரிப்பெட்டி, மின்னெழுச்சித் தடுப்பு வைத்த நீட்டு வயர் எதுவும் கொண்டு போக முடியாது, தீ அபாயம் என்று ஏறும்போது பறித்து வைப்பார்கள். ஆசியாவில் ஓடுகிற சில கப்பல்களில் கபினிலேயே கெற்றில் இருக்கும். இல்லாவிட்டால் நல்ல சுடுதண்ணிப் போத்தல் ஒன்றைக் கொண்டுபோய் பஃபேயில் தேநீர் ஊற்றுகிற இடத்தில் நிரப்புங்கள். இரவு 10 மணிக்கு நிரப்பினால் விடியப்புறப் பாலுக்குக் காணும். கப்பல் பிளக் பொதுவாக அமெரிக்கத் தட்டை இரண்டு கம்பி, ஐரோப்பிய உருண்டை இரண்டு கம்பி. நம்முடைய மூன்று சதுரக் கம்பி பொருந்தாது, பிளக் மாற்றி (அடாப்டர்) இரண்டு வாங்குங்கள்.

20 மாதத்தில் போத்தலைக் கொதிக்க வைக்கத் தேவையில்லை, சவர்க்காரமும் சுடுநீரும் காணும். சிறிய தூரிகையும் சிறு போத்தலில் பாத்திரம் கழுவும் திரவமும் கொண்டு போங்கள், கபினில் இருக்காது. பால்மா: நாளுக்கு இரண்டு கோப்பை, கோப்பைக்கு 30 கிராம், போக வர 6 நாள் என்றால் 360 கிராம். திறக்காத 400 கிராம் பக்கற் ஒன்று காணும். வீட்டில் சமைத்தது ஏற்ற விடமாட்டார்கள். கடையில் வாங்கிய, முத்திரை உடைக்காத சமபோஷா, ரஸ்க் பிரச்சினை இல்லை. ஆசியக் கப்பல்களில் காலையில் அரிசிக் கஞ்சி இருக்கும், உப்பு, காரம் இல்லாமல் கேட்டு வாங்கலாம்.

பம்பர்ஸ் 40 எண்ணி வையுங்கள். கப்பல் கடையில் அளவு கிடைக்காது, கிடைத்தால் விலை கேட்கக் கூடாது.

மருந்து: பரசிட்டமோல் பாணி, வெப்பமானி, ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புத் தூள்) பக்கற் 4, பம்பர்ஸ் புண்ணுக்குக் களிம்பு. கடல் குமட்டல் 2 வயதுக்குக் கீழே அரிது, மகளுடைய வயதில்தான் கூடுதலாக வரும். சின்னவனுக்குக் குமட்டல் மாத்திரை எதையும் உடைத்துக் கொடுக்காதீர்கள், 2 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அந்த வகை மருந்துகளில் சில மூச்சை மந்தப்படுத்தும். மகளுக்கு எது, எத்தனை மில்லி என்று இங்கேயே பிள்ளைகள் வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள்.

வாந்தி வயிற்றோட்டம் கப்பலில் பரவுகிறதென்றால் அநேகமாக நோரோவைரஸ். கைக்குப் பூசுகிற அற்ககோல் ஜெல் அதற்குச் சரியாக வேலை செய்யாது. பஃபே வாசலில் ஜெல் தெளித்தாலும், சவர்க்காரத்தால் 20 விநாடி கழுவுங்கள்.

கப்பலில் வைத்தியர் இருப்பார், பிள்ளைகள் வைத்தியர் இருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். கட்டணமும் கூட. காப்புறுதியில் கப்பலில் இருந்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லும் செலவு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

துறைமுகத்தான்

இன்னொன்று. டிசம்பரில் வழித்தடம் தெரிவு செய்தால் மேற்குப் பக்கம், அதாவது பினாங்கு, புக்கெட் திசை. வடகீழ்ப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கிளப்பும், வியட்நாம் பக்கம் போகிற கப்பல் ஆடும். மலாக்கா நீரிணை சுமாத்திராவுக்கும் மலேசியாவுக்கும் இடையில் ஒதுங்கி இருப்பதால் அமைதி. புக்கெட்டில் பெரிய கப்பல் நங்கூரமிட்டுச் சிறு படகில்தான் இறக்கும், தள்ளுவண்டியோடு அது பெரும் பாடு.

இரவுச் சாப்பாட்டுக்கு முதல் பந்தி வேண்டாம், இரண்டாவதை எடுங்கள்.

தெஹிவளை_கபின்

@துறைமுகத்தான் சின்னப் பிள்ளையளோட இரண்டாம் பந்தியா? எல்லாரும் முதல் பந்தி எண்டுதானே சொல்லுகினம்.

துறைமுகத்தான்

சொல்கிறவர்கள் சிங்கப்பூர் ஆட்கள். அவர்களுடைய கடிகாரம் நம்முடையதை விட இரண்டரை மணித்தியாலம் முன்னுக்கு. முதல் பந்தி மாலை 5.30 என்றால் பிள்ளையின் வயிற்றுக்குக் கொழும்பு நேரம் 3 மணி, அப்போதுதான் பகல் நித்திரையால் எழும்பியிருக்கும். 8 மணிப் பந்தி கொழும்பு 5.30. வீட்டில் 8 மணிக்குத் தூங்குகிற பிள்ளை அங்கே 10.30க்குத் தூங்கும். 3 இரவுக்காக நேரத்தை மாற்றப் போராடாமல் அப்படியே விட்டால் இரவுக் காட்சியும் பார்க்கலாம். இடிக்கிற இடம் காலைச் சாப்பாடு: கொழும்பு 7 மணி அங்கே 9.30, உணவுக்கூடம் மூடுகிற நேரம். பஃபே கொஞ்சம் கூட நேரம் திறந்திருக்கும், அங்கே போங்கள்.

ஆனால் பந்தியில் இருந்தால் ஒன்றரை மணித்தியாலம் போகும். சின்னவன் அவ்வளவு நேரம் இருக்க மாட்டான் என்றால் இரவும் பஃபேதான்.

வெள்ளவத்தை_மழை

அப்போ கரை தொடாத கப்பல், நடுக்கதவு வைத்த இரண்டு உள்கபின். அதை வைத்து விலை கேட்கிறேன். நள்ளிரவு கழித்து கட்டுநாயக்கவில் ஏறினால் விடியச் சிங்கப்பூர், அன்றைக்கே கப்பல் ஏறலாமா?

கொட்டாஞ்சேனை_முத்திரை

ஏறலாம், ஆனால் செய்யாதீர்கள். விமானம் 4 மணித்தியாலம்தான், அது பிந்தினால் கப்பல் காத்திருக்காது. முதல் நாளே போய் ஒரு இரவு தங்குங்கள். சாங்கியில் இருந்து மரீனா பே கப்பல் முனையத்துக்கு மஞ்சள், நீல டாக்சி எடுங்கள். பிள்ளை ஆசனம் கட்டாயம் என்ற சட்டத்தில் டாக்சிக்கு விலக்கு உண்டு, செயலியில் அழைக்கிற தனியார் காருக்கு இல்லை. ரயில் என்றால் மரீனா சவுத் பியர் நிலையம்.

முனையத்தில் பெரிய பெட்டிகளைக் கொடுத்தால் அவை கபினுக்கு வரப் பின்னேரமாகும். 5, 6 மணித்தியாலத்துக்கு வேண்டிய பம்பர்ஸ், பால்மா, மாற்றுடுப்பு, நீச்சலுடை, மருந்து, எல்லாப் பாஸ்போர்ட்டும் தோள்பையில் இருக்கட்டும்.

மருந்துப்பெட்டி

ஏறியதும் கபினில் அலமாரியைத் திறந்து உயிர்காப்பு அங்கிகளைப் பாருங்கள். பெரியவர்களுக்குரியதுதான் வைத்திருப்பார்கள். 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்குக் குழந்தை அங்கி, 15 முதல் 43 கிலோ வரை சிறுவர் அங்கி. மகனுக்கும் மகளுக்கும் எத்தனை கிலோ என்று ஊழியரிடம் சொல்லிக் கேட்டு வாங்கி, ஒரு தடவை போட்டுப் பாருங்கள். மகளுக்குக் கழகத்தில் கைப்பட்டி கட்டினால், அதில் உள்ள, ஆபத்து நேரத்தில் ஒன்றுகூடும் இடத்தின் எழுத்து உங்கள் அட்டையில் உள்ளதுதானா என்றும் பாருங்கள். இரண்டு கபின் எடுக்கிறவர்களுக்கு அது சிலவேளை மாறி வரும்.